அரண்மனையில் விழுந்த அம்மாவன் எந்தப் பக்கம்?

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வருகிறவர்கள் ராமாயணச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு அது ஓர் அம்மாவன், அதாவது பல தலைமுறைக்கு முந்தைய தாய்மாமன், உயிர்விட்ட இடம். "கோவிலகத்தைக் காத்து நின்னு வெட்டுப்பட்டு விழுந்தார்" என்று அம்மம்மா சொல்வார்; கோவிலகம் என்றால் அரண்மனை. அப்பா திருநெல்வேலியிலிருந்து மிளகு வியாபாரத்துக்காக இங்கே வந்தவர். அம்மாவுக்குப் பறவூர்ப் பக்கத்து நாயர் தறவாடு, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பம். உரிமை தாய்வழியில் இறங்கும் மருமக்கத்தாய முறைப்படி நான் அம்மா வீட்டுக்காரி. அந்த அம்மாவனைத் தேடும் பொறுப்பு என்னுடையதுதான்.

அவர் விழுந்த சண்டையை டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த கதையாகத்தான் பள்ளியில் படித்தோம். அடியில் கிடந்தது ஒரே குடும்பத்தின் தகராறு. கொச்சி அரச வம்சமான பெரும்படப்பு சுவரூபம் பல தாவழிகளாக, அதாவது தாய்வழிக் கிளைகளாக, பிரிந்திருந்தது. போர்த்துக்கீசியர் தமக்கு வேண்டியவர்களை அரியணையில் ஏற்ற, உரிமை இழந்த வீரகேரள வர்மா டச்சுக்காரர்களின் உதவியை நாடினார். செல்வாக்கு மிக்க பாலியத்து அச்சன் அவர் பக்கம் நின்றார். 1662 பிப்ரவரியில் டச்சுத் தளபதி ரைக்லோஃப் வான் கூன்ஸின் படை மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாக்கியது. அரசரும் இளவரசர்களும் மாண்டார்கள். ராணி கங்காதர லட்சுமி சிறைப்பட்டார். 1663 ஜனவரியில் போர்த்துக்கீசியரின் கொச்சிக் கோட்டை விழுந்தது. வீரகேரள வர்மா டச்சுக்காரர் கையால் முடிசூடினார். வாளேந்திய நாயர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். உள்நாட்டுப் போர் என்றே இதைச் சொல்வேன்.

அந்த நாயர்களின் பெயர்களைத் தேடிப் போனால் முதலில் கையை விரிப்பவை டச்சு ஏடுகள்தான். அரசர், அச்சன், தளபதி ஆகியோருக்குப் பெயர் உண்டு. சாதாரணப் படையாளுக்குத் தலைக்கணக்கு மட்டும். ஆனாலும் அந்த ஏடுகளைப் பார்க்காமல் இருக்க முடியாது, எந்தத் தலைவன் எந்த நாளில் எங்கே நின்றான் என்பது அவற்றில்தான் இருக்கிறது. கொச்சியின் டச்சு ஆவணங்களில் பெரும்பகுதி இன்று சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்ததால் அவை அங்கே போயின. டச்சு மொழி தெரியாதவர்கள் கலெட்டி என்பவர் 1911-இல் சென்னையில் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்பிலிருந்து தொடங்கலாம். டச்சு ஆளுநர் மூன்ஸ் தமக்குப் பின் வருபவருக்கு எழுதிவைத்த நீண்ட குறிப்பு அதில் உள்ளது. கொச்சி அரச குடும்பத்தின் தாவழிப் பிரிவுகளை அவர் பொறுமையாக விளக்குகிறார்.

பெயர் வேண்டுமென்றால் பெண்களைத் தொடர வேண்டும். செத்த வீரனுக்குப் பிள்ளைகள் இருந்திருக்கலாம், ஆனால் அவர்கள் அவர்களுடைய தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். அவனுடைய வீட்டுப்பெயரும் நிலமும் நினைவும் சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் வந்தன. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஏறினால் நாயர் வீட்டில் ஓரிரு தலைமுறையிலேயே வழி தவறிவிடும். அம்மா, அம்மம்மா, அவருடைய அம்மா என்று ஏறி, ஒவ்வொரு படியிலும் "அவருக்கு அண்ணன் தம்பி யார்?" என்று கேட்க வேண்டும்.

இதற்குக் கைகொடுப்பது பாகப்பத்திரம். 1938-இல் வந்த கொச்சி நாயர் சட்டத்துக்குப் பிறகு பல தறவாடுகள் ஆளுக்கொரு பங்காகப் பிரிந்தன. அப்போது பதிவான பத்திரங்களில் கிழவி முதல் கைக்குழந்தை வரை ஒவ்வொருவரும் தாவழி வாரியாக வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்துப் படித்தபோது, பெயர்களைவிட நிலத்தைப் பற்றிய ஒரு வரி என்னை நிறுத்தியது. எங்கள் வயல் பாலியத்திடமிருந்து, அதாவது அந்த அச்சனின் குடும்பத்திடமிருந்து, காணமாக, முன்பணம் கொடுத்து எடுக்கும் குத்தகையாக, பெற்றது.

பாலியத்தின் நிலத்தில் இருந்தவர்கள் பாலியத்தின் அழைப்புக்கு வாள் எடுத்திருப்பார்கள். அப்படியென்றால் அம்மாவன் அரண்மனையைக் காத்தவர் அல்ல, தாக்கியவர்களோடு வந்தவர். அம்மாவின் தம்பி இதைக் கேட்டதும், "அம்மா பொய் சொல்லுவாளா?" என்று எழுந்து போய்விட்டார். அவர் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1663-இல் வென்ற பக்கத்தாரே பின்பு அரண்மனைக்கு உரியவர்களானார்கள். தலைமுறைகள் கடந்து சொல்லும்போது, அரண்மனைக்காக வெட்டுப்பட்டவர் அரண்மனையைக் காத்தவராக மாறியிருக்கலாம். வயல் போருக்குப் பிறகு கிடைத்ததாகவும் இருக்கலாம். ஒரு பத்திரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தீர்த்துவைக்க ஒரு வழி இருக்கிறது. காணம் 12 ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஓர் ஓலை. ஒன்றிலிருந்து ஒன்றாகப் பின்னால் போனால் முதல் ஓலை எந்த ஆண்டு என்று தெரிந்துவிடும். தேதி புதுவைப்பு ஆண்டில் இருந்தால், வைப்பின் தீவு உருவான 1341-இலிருந்து எண்ண வேண்டும். கோட்டை விழுந்தது ஏறக்குறைய புதுவைப்பு 322. எழுத்து பழைய எழுத்துமுறையான கோலெழுத்தாக இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்த ஆளைத் தேடி எர்ணாகுளத்து வட்டார ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம். எங்கள் ஓலைகள் சித்தியின் மகள் வீட்டு மச்சில் ஒரு மரப்பெட்டியில் கிடக்கின்றன. மழைக்கு முன் இறக்கிப் புல்தைலம் தடவித் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். படிக்கும்போது மாமாவும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.