தொட்டியில் ஜப்பான் மேப்பிள்: வேருக்குக் குளிர்ச்சி

விரித்த கையை ஒத்த இலைகளும், இலையுதிர் காலத்தில் அவை அடையும் செந்நிறமும் ஜப்பான் மேப்பிள் மரத்தின் சிறப்புகளாகும். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் துன்பெர்க் 1784-ஆம் ஆண்டில் இதற்கு ‘ஏசர் பால்மேட்டம்’ எனப் பெயரிட்டார். ஜப்பானின் ஒகயாமா நகரிலுள்ள கோராகுவென் தோட்டத்தின் சாயலில் புனே நகரிலும் ஒரு தோட்டம் அமைந்துள்ளது. அத்தகைய தோட்டங்களைக் கண்டோர் இம்மரத்தைத் தம் முற்றத்தில் வளர்க்க விரும்புவது இயல்பே. ஆயினும் புனேயின் கோடை இக்கன்றுக்குக் கடும் சோதனையாகும்.

கருகும் இலை கூறுவது என்ன?

ஏப்ரல் மாதத்தில் புனேயின் பகல் உஷ்ணநிலை சராசரியாக 38 பாகை சென்டிகிரேடு அளவை எட்டுகிறது, காற்றும் வறண்டிருக்கிறது. அப்போது மேப்பிள் இலைகளின் ஓரம் பழுத்துக் கருகுகிறது. நீர் போதவில்லை என்று கருதி மேலும் மேலும் நீர் ஊற்றுவது வழக்கம். ஆனால் பல வேளைகளில் தொட்டி மண் ஈரமாகவே இருக்கும். சூடேறிய வேர் நலிந்து, அந்த ஈரத்தை உறிஞ்ச இயலாமற் போவதே குறையாகும். மிகுதியான நீர் வேரை அழுகச் செய்து கேட்டினை விரைவுபடுத்துகிறது.

புனேயில் நடந்த ஆராய்ச்சி

மண்ணின் நிறம் அதன் வெப்பத்தை எவ்வளவு மாற்றும் என்பது புனேயிலேயே ஆராயப்பட்டதாகும். இந்திய வானிலைத் துறையின் வேளாண்-வானிலைப் பிரிவு 1932-இல் அங்கு தொடங்கியது. அதன் தலைவராயிருந்த டாக்டர் எல். ஏ. ராம்தாஸ், கரிசல் மண்ணின் மீது வெண்சுண்ணப் பொடியை மெல்லிய படலமாகத் தூவி உஷ்ணநிலையை அளந்தார். கறுத்த வெறுநிலம் வெயிலின் பெரும்பகுதியைத் தன்னுள் ஏற்றுக்கொள்ள, வெண்மையான நிலம் அதனைத் திருப்பி அனுப்பியது. ஆகவே மண்ணின் வெப்பம் கணிசமாகக் குறைந்தது.

நிலத்தில் ஆழமாகச் செல்லும் வேர் மேற்பரப்பின் சூட்டிலிருந்து தப்பலாம். தொட்டியின் வேருக்கோ நாற்புறமும் சுவரே எல்லை. எனவே இவ்வுண்மை தொட்டிக்கு இன்னும் பொருந்தும்.

கையாளும் முறை

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தவிர்த்து, மெருகிடாத மண் தொட்டியைக் கொள்க. குடிநீர்ப் பானையைப் போன்று அதன் சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி நிலவும். வெளிச்சுவருக்கு வெள்ளையடிக்கலாம். ஆனால் மண்ணின் மீது சுண்ணம் தூவலாகாது. மேப்பிள் சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. மண்ணை வைக்கோலாலோ காய்ந்த சருகாலோ மூடுக. தொட்டியைப் பெரிய தொட்டி ஒன்றினுள் வைத்து, இடைவெளியில் ஈரமணல் நிரப்புவது மேலும் நன்று.

கரிசல் மண் நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்குமாதலால் தொட்டிக்கு ஆகாது. செம்மண், பருமணல், இலைமட்கு ஆகியவற்றின் கலவை ஏற்றது. காலை வெயில் போதும். பிற்பகலில் நிழல் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மிகுதியாதலால் தொட்டியைச் செங்கற்களின் மீது உயர்த்தி வைத்து நீர் வடியச் செய்க.

எல்லையும் உண்டு

வேரைக் குளிர்விக்க இயலும்; குளிர்காலத்தை உண்டாக்க இயலாது. இம்மரம் உறங்கி எழ நீண்ட குளிர் வேண்டும். புனேயில் ஜனவரி இரவுகளின் சராசரிக் குறைந்த உஷ்ணநிலை ஏறக்குறைய 11 பாகையாகும். ஆதலின் அங்கு செந்நிற இலைகளையும் நீண்ட ஆயுளையும் உறுதியாக எதிர்பார்த்தல் தகாது. குறுமரம் மட்டுமே வேண்டுவோருக்கு இச்சியும் ஆலும் தக்கவை.

பள்ளிகளுக்கு ஒரு பரிசோதனை

ஒரே அளவுள்ள இரு தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒன்றின் வெளிப்புறத்திற்குக் கறுப்பும் மற்றொன்றிற்கு வெள்ளையும் பூசி வெயிலில் வைக்கலாம். பிற்பகல் 2 மணிக்குச் சுவரை ஒட்டி 5 சென்டிமீட்டர் ஆழத்தில் உஷ்ணமானியைச் செருகி, ஒரு வாரம் அளவுகளைக் குறித்து வருக. வேரின் துன்பத்தை மாணவர் எண்களாகவே கண்டறிவர். கன்று வாங்குமுன் தொட்டியைச் சீர்செய்யவும் கற்பர்.