முதலில் சாணியைப் பார்

கால்நடை மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டு முடித்த கையோடு, மே மாதம் முழுக்க ஓர் உயிரியல் பூங்காவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பெரிய பாலூட்டிகள் பிரிவு. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையைப் படித்துவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தவர்கள் எங்கள் வகுப்பில் நாலைந்து பேர் இருந்தோம். அதனால் முதல் நாள் நான் கேட்ட முதல் கேள்வி, “யானை எந்தப் பக்கம்ண்ணே?” என்பதுதான். காப்பாளர் அண்ணன் சிரித்தார். பூங்காக்களில் இருக்கும் யானைகளை முகாம்களுக்கு அனுப்பிவிடச் சொல்லி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-லேயே உத்தரவிட்டிருந்தது. எனக்குக் கிடைத்தவை காட்டுமாடு, கடமான், நீர்யானை. கையில் கிடைத்தவை ஒரு நீளத் துடைப்பம், ஒரு மண்வெட்டி, ஒரு கூடை.

காலை ஆறு மணிக்குக் காட்டுமாட்டுக் கொட்டடியில் வேலை தொடங்கும். துடைப்பத்தை ஓங்கிய என்னை அண்ணன் தடுத்தார். “கூட்டாத தம்பி. மொதல்ல சாணியப் பாரு, அப்புறம் மாட்டப் பாரு, கடைசியாக் கூட்டு.”

அவர் சொன்னதன் பொருள் விளங்க எனக்கு ஒரு வாரம் ஆனது. காட்டு விலங்குகள் நோயை மறைக்கும். நொண்டும் மாடு எது, தள்ளாடும் மான் எது என்று புலி பார்த்துக்கொண்டிருக்கும் உலகத்திலிருந்து வந்தவை அவை. வீட்டுப் பசுவுக்கு உடம்பு சரியில்லை என்றால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். காட்டுமாடு கீழே விழும் நாள்வரை ஒன்றும் நடக்காதது போல் நிற்கும். ஆனால் சாணியையும் மிச்சம் வைத்த தீவனத்தையும் அதனால் மறைக்க முடியாது. கூட்டித் தள்ளிவிட்டால் இரவு முழுக்க எழுதி வைத்த அறிக்கையைக் குப்பையில் போட்டது மாதிரி.

அறிக்கையைப் படிக்க, வயிறு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். புல்லைச் செரிக்கும் நொதி எந்தப் பாலூட்டிக்கும் சொந்தமாகக் கிடையாது. நுண்ணுயிர்களை வயிற்றில் குடிவைத்துத்தான் அந்த வேலையை வாங்குகின்றன. குடிவைக்கும் இடம்தான் ஒவ்வொன்றுக்கும் வேறு. காட்டுமாட்டுக்கு நாலு அறை இரைப்பை. அதில் முதல் அறை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் நொதித்தொட்டி. அள்ளி விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அரைத்து அனுப்புவதால் சாணி மசிந்து, அடுக்கடுக்காக விழும். நீர்யானைக்கும் பல அறைகள் கொண்ட இரைப்பை உண்டு, ஆனால் அது அசைபோடாது. யானையும் குதிரையும் பெருங்குடலில் நொதிக்க வைப்பவை. யானை லத்தியில் நாரும் குச்சியும் முழுசாக வெளிவருவது அதனால்தான். காட்டுமாட்டுச் சாணியில் அப்படி நீளநீளமாக நார் தெரிந்தால் பல்லையோ வயிற்றையோ சந்தேகிக்க வேண்டும்.

காட்டுமாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காட்டெருமை என்று பலரும் சொல்கிறார்கள்; எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. இது எருமை இனமே அல்ல, பசுவுக்கு நெருங்கிய சொந்தம். சங்கப் பாடல்களில் வரும் ‘ஆமா’ இதுதான். நன்கு வளர்ந்த காளை தோளுயரம் ஆறடியைத் தொடும், எடை ஒரு டன் வரை போகும். கருத்த உடம்பு, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. பக்கத்தில் நின்று பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது அழகு அல்ல, பூட்டுதான்.

பூட்டு விஷயத்தில் ஒருநாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கொட்டடிக்கு இரண்டு கதவு, இரண்டு பூட்டு. உள்கதவு பூட்டியதா என்று பார்த்த பிறகே வெளிக்கதவைத் திறக்க வேண்டும். இரண்டாவது பூட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு அழுத்தாமல் வந்துவிட்டேன். பார்வைக்குப் பூட்டியது போலவே இருந்தது. அண்ணன் போகிற போக்கில் ஒவ்வொரு பூட்டையும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். நான் அழுத்தாமல் விட்ட பூட்டு அவர் கையோடு வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. அந்தப் பூட்டை என் சட்டைப் பையில் போட்டு, சாயங்காலம்வரை சுமக்க வைத்தார். இன்றைக்கும் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுக்கிறேன்.

கத்திரி வெயில் வந்ததும் வேலையின் நிறம் மாறியது. கோடையில் பூங்கா என்றால் பத்திரிகையில் தர்பூசணிப் படம் வரும். நீர்யானை ஒரு முழுப் பழத்தை வாய்க்குள் வைத்து ஒரே கடியில் நொறுக்குவது பார்க்கக் குஷியான காட்சிதான். ஆனால் அதற்குக் கணக்கு உண்டு. பழத்தின் சர்க்கரை நொதித்தொட்டிக்குள் வேகமாகப் புளித்து அமிலமாகும்; அளவு மீறினால் புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். காட்டில் நீர்யானை ராத்திரியில் கரையேறி நாற்பது கிலோ வரை புல் மேயும். பூங்காவிலும் அதன் சாப்பாடு புல்தான், பழம் வாய்க்கு ருசி. காட்டுமாட்டுக்கு வெயில் காலத்தில் கம்பு நேப்பியர் புல்லை விடியலிலும் பொழுது சாய்ந்தும் போட்டோம். நொதிப்பதால் வயிற்றுக்குள்ளும் சூடு பிறக்கும். மத்தியானம் தின்றால் வெளிவெயிலும் உள்வெயிலும் ஒன்று சேர்ந்துவிடும்.

நீர்யானைத் தொட்டிக்கரையில் தினமும் ஒரு பார்வையாளராவது பதறிக்கொண்டு வருவார்: “சார், அதுக்கு ரத்தம் வழியுது!” ரத்தமில்லை. அதன் தோலில் சுரக்கும் பிசின் முதலில் நிறமற்று இருக்கும், சில நிமிடங்களில் சிவக்கும், பிறகு பழுப்பாகும். அந்த நிறமிகள் என்னவென்று 2004-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். அவை வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கின்றன. சிவப்பு நிறமி பாக்டீரியாவையும் அடக்குகிறது. சாணி கரைந்த தண்ணீரிலேயே நாளெல்லாம் கிடந்தும், சண்டையில் பட்ட காயம் சீழ் பிடிக்காமல் ஆறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தண்ணீரை விட்டு வெளியே அதிக நேரம் நின்றால் மட்டும் தோல் வெடிக்கும். அதனால் தொட்டியைக் கழுவும் வேலை வெயில் ஏறுமுன் முடிந்தாக வேண்டும்.

அதன் வாயைப் பார்க்க வேண்டுமென்றால்? யாரும் போய்த் திறக்க முடியாது. மூங்கில் கழி நுனியில் ஒரு பந்து. கம்பிக்கு அந்தப்பக்கம் நீர்யானை மூக்கால் அதைத் தொட்டால் ஒரு விசில், உடனே ஒரு கட்டுப் புல். விசிலுக்கும் புல்லுக்கும் உள்ள தொடர்பு பிடிபட்ட பிறகு, கழியை மெல்ல மேலே தூக்கினால் வாய் தானாகத் திறக்கும். வளர்ந்துகொண்டே இருக்கும் கோரைப்பற்கள் ஒன்றோடொன்று சரியாக உராய்ந்து தேய்கின்றனவா, பார்வையாளர் எறிந்த பிளாஸ்டிக் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். வேண்டாம் என்று தோன்றினால் அது தண்ணீருக்குள் போய்விடும்; அதற்கு அடி கிடையாது, புல் கிடையாது, அவ்வளவே.

எல்லா விலங்குக்கும் இந்தப் பொறுமைக்குப் பதிலாக மயக்க ஊசி போடலாமே என்று நானும் கேட்டேன். காட்டுமாடு போல அசைபோடும் விலங்கு மயங்கிச் சாய்ந்தால் இரைப்பையில் காற்று உப்பும், உள்ளே இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும். நெஞ்சில் படுக்கவைத்துத் தலையை உயர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும். வெயிலில் உடல் சூடு வேறு ஏறும். கடமானை விரட்டிப் பிடித்தால் இன்னும் மோசம்: பயத்தில் ஓடிய தசை சிதைந்து, பிடித்தபோது நன்றாயிருந்த மான் ஓரிரு நாள் கழித்துச் சாகும். ஊசி கடைசி வழி.

இன்னொரு விஷயத்திலும் அண்ணன் கண்டிப்பு. வாசலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தொட்டியில் கால் நனைக்காமல் உள்ளே போகக் கூடாது. அவர் வீட்டில் இரண்டு கறவை மாடு. ஊரில் கோமாரி வந்தால் அவர் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்து காட்டுமாட்டுக்கும் கடமானுக்கும் தொற்றும். 1968-ல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டுமாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயும் வீட்டு மாடுகளைத் தாக்கும் நோய்தான். அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது 2011-ல். கோமாரி இன்னும் ஒழியவில்லை.

கடைசி வாரத்தில் ஒருநாள் காலை, ஒரு காட்டுப்பசுவின் பக்கம் சாணி கொஞ்சமாக, கெட்டியாக, காய்ந்து கிடந்தது. தொட்டியில் பாதித் தீவனம் மிச்சம். மாடு கம்பீரமாகத்தான் நின்றது. ஆனால் தாடை அசையவில்லை. நோட்டில் எழுதினேன். மருத்துவர் வந்து வெளியே நின்றபடி அரைமணி நேரம் பார்த்தார். பகலில் திறந்தவெளிக்குப் போகும்போது, மூத்த பசு தண்ணீர்த் தொட்டியருகிலேயே நின்றுகொண்டு இதைக் கிட்டே வரவிடவில்லை. வைத்தியம் மருந்தல்ல, அடைப்பின் மறுகோடியில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி.

இரண்டு நாள் கழித்து விடியலில் போனபோது அது படுத்திருந்தது. கழுத்தில் ஒரு உருண்டை மேலேறி வந்தது, தாடை பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. நன்றாக இருக்கும் மாடு ஒரு கவளத்தை ஐம்பது, அறுபது முறை மெல்லும். எண்ணினேன். ஐம்பத்தெட்டு. விழுங்கிவிட்டு அடுத்த உருண்டைக்குக் காத்திருந்தது.

நோட்டை வாங்கிப் பார்த்த அண்ணன், சுவரில் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்து நீட்டினார். “சரி. இப்பக் கூட்டு.”