மண்ணுக்குள் போகும் கேபிள்: எந்த அளவு வாங்க வேண்டும்?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலர் அதற்கெனத் தனி அறை ஒதுக்குகிறார்கள். தோட்டத்து அறை என்றால், வீட்டிலிருந்து மண்ணில் பைப் புதைத்து, அதற்குள் கேபிள் இழுத்து மின்சாரம் கொண்டு போவார்கள். "2.5 ஸ்கொயர் எம்.எம். போதும்" என்று கடையில் சொல்வார்கள். உண்மையிலேயே போதுமா? பார்ப்போம்.

எல்லை எது?

கரண்ட் ஓடும்போது கேபிளில் உள்ள செம்பு சூடாகும். அதன் மேலுள்ள பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அந்தச் சூட்டைத் தாண்டாமல் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் ஓடலாமோ, அதுதான் கேபிளின் திறன். சூடு எளிதாக வெளியேறினால் திறன் கூடும், அடைபட்டால் குறையும். ஒரே கேபிள் பாதித் தூரம் சுவரிலும் மீதித் தூரம் மண்ணுக்குள்ளும் போனால், எந்தப் பகுதியில் திறன் குறைவோ அதுவே முழுக் கேபிளின் திறன். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

கணக்குப் போடுவோம்

2 கம்ப்யூட்டர் 600 வாட்ஸ், லேசர் பிரிண்டர் 1000, ஒன்றரை டன் ஏ.சி. 1800 என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 3400 வாட்ஸ். 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 15 ஆம்பியர். இதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. போடுகிறோம்.

சுவரில் பொருத்திய 2.5 ஸ்கொயர் எம்.எம். டூ கோர் செம்புக் கேபிளுக்கு ஐ.இ.சி. அட்டவணை தரும் திறன் 27 ஆம்பியர். ஆனால் அது 30 டிகிரிக்கு. நம் ஊர் வெயிலுக்கு 40 டிகிரி என்று கொண்டு 0.87 ஆல் பெருக்கினால் 23 கிடைக்கும். பரவாயில்லை.

மண்ணில் புதைத்த பைப்புக்குள் அதே கேபிளுக்கு 29 ஆம்பியர். இது 20 டிகிரி மண்ணுக்கு. மண் 30 டிகிரி என்றால் 0.89 ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் மோட்டார் லைனும் ஹீட்டர் லைனும் போனால், 3 சர்க்யூட்டுக்காக மேலும் 0.70. அதாவது 29 × 0.89 × 0.70 = 18 ஆம்பியர்தான்!

இதில் என்ன ஆபத்து?

பின்னால் இன்னொரு சாதனம் சேர்த்து 20 ஆம்பியர் ஓடினாலும் எம்.சி.பி. 'ட்ரிப்' ஆகாது. 22 ஆம்பியரைக் கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் அது அனுமதிக்கலாம். கேபிளோ பைப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சூடாகி, உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும். மழைநீர் புகுந்தால் ஷாக், ஷார்ட் சர்க்யூட் எதுவும் நடக்கலாம்.

4 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 37 × 0.89 × 0.70 = 23 ஆம்பியர். எம்.சி.பி.யை விட அதிகம், பாதுகாப்பானது. 30 மீட்டர் தூரத்தில், 15 ஆம்பியர் ஓடும்போது இழக்கும் வோல்டேஜும் சுமார் 8லிருந்து 5 ஆகக் குறையும். வோல்டேஜ் குறைவான நேரத்தில் யூ.பி.எஸ். அடிக்கடி பேட்டரிக்குத் தாவுவதும் குறையும்.

மறக்காதீர்கள்

* முடிந்தால் ஒவ்வொரு லைனுக்கும் தனிப் பைப், சற்று இடைவெளி விட்டுப் புதையுங்கள்.
* பைப் இல்லாமல் நேரடியாகப் புதைப்பதானால் ஆர்மர்டு கேபிள்தான் வேண்டும்.
* நெட்வொர்க் கேபிளை மின் கேபிளுடன் ஒரே பைப்பில் போடாதீர்கள்.
* வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

பள்ளத்தை மூடுவதற்கு முன் அவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். மூடிய பிறகு மாற்றுவதென்றால் செலவு இரட்டிப்பாகும்.