கணினியும் உடல் நோவும்



கெடா தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சுங்கைப்பட்டாணி, கூலிம், பினாங்கு பாயான் லெப்பாஸ் ஆகிய இடங்களிலுள்ள மின்னணுத் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். வீடு திரும்பும் மகள், “தலை வலிக்கிறது அம்மா, கண் எரிகிறது” என்கிறாள். சிலர் அதைச் சோம்பல் என்பர். சிலரோ, கணினியிலிருந்தும் கைத்தொலைபேசியிலிருந்தும் வரும் மின்காந்த அலை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பர். எது உண்மை என்று பார்ப்போம்.

தொழிற்சாலை வேலையும் உடல் நோவும் சேர்ந்து வருவது புதிதல்ல. 1978ஆம் ஆண்டில் சிலாங்கூர் சுங்கைவேயில், ஓர் அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலையில் நுண்ணோக்கி வழியே பார்த்து வேலை செய்த ஏறக்குறைய 120 பெண்கள் பேய் பிடித்தவர்கள் போல் நிலைகுலைந்தனர். தொழிற்சாலை மூன்று நாட்கள் மூடப்பட்டது. பொமோவை அழைத்து ஆடு அறுத்தார்கள். இத்தகைய சம்பவங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் ஐவா ஓங், அவற்றின் பின்னணியில் இருந்த வேலைக் கெடுபிடியைச் சுட்டிக்காட்டினார்.

அன்று பேயின் மேல் விழுந்த பழி இன்று அலையின் மேல் விழுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இதை விளக்கியது: இவர்கள் படும் நோவு மெய்யானது, ஆனால் மின்காந்த அலைதான் அதற்குக் காரணம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. கருவி இயங்குகிறதா, நின்றிருக்கிறதா என்று சொல்லாமல் சோதித்தபோது, இவர்களால் அதைச் சரியாகக் கண்டுகொள்ள முடியவில்லை. அலை இல்லாத வேளையிலும் நோவு வந்தது. கெடுதல் வரும் என்ற அச்சமே உடலை வாட்டக்கூடும்.

வேறு காரணங்களும் உண்டு. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது வெகுவாகக் குறைகிறது. கண்ணின் ஈரம் காய்கிறது. குளிர்சாதன அறை அதை மேலும் உலர்த்துகிறது. திரையில் பட்டுக் கூசும் விளக்கு, உயரம் பொருந்தாத நாற்காலி, இரவு வேலையால் கெட்ட தூக்கம் ஆகியவையும் தலைவலியையும் தோள்வலியையும் தரும்.

இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால் உள்ள பொருளை 20 விநாடி பார்க்க வேண்டும். திரை கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். படுக்கையில் கைத்தொலைபேசி வேண்டாம்.

அப்படியும் தலைவலி தீராவிட்டால் அரசாங்க கிளினிக்குக் கூட்டிச் செல்லுங்கள். பார்வைக் குறையோ, ஒற்றைத் தலைவலியோ, இரத்த அழுத்தமோ இருக்கலாம். அலைதான் காரணம் என்று கைத்தொலைபேசியை மட்டும் ஒதுக்கி வைத்தால், உண்மையான நோய் கவனிப்பாரின்றி முற்றிவிடும். வேலையால் வந்த நோய் என்று தெரிந்தால் சொக்சோ பாதுகாப்பு பற்றியும் விசாரியுங்கள்.

வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை ஏசாதீர்கள். எப்போது வலிக்கிறது, எந்த வேலை செய்யும்போது வலிக்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள். அந்த விவரம் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.