காசநோய் ஏன் புற்றுநோய் போலத் தெரிகிறது?

வயிறு வீங்குகிறது, எடை குறைகிறது, மாலையானால் காய்ச்சல். ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர், சூலகத்தின் அருகே கட்டி. ரத்தத்தில் சிஏ-125 என்ற புரதத்தின் அளவு, இயல்பின் எல்லையான 35-ஐத் தாண்டிப் பல நூறு. சூலகப் புற்றுநோய் என்றே யாருக்கும் தோன்றும். வயிற்றுக் காசநோயும் அச்சு அசலாக இப்படி வருவதுண்டு.

ஏன்? சிஏ-125 புற்றுநோய்க்கே உரியதல்ல. வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் சவ்வு அழற்சி கண்டாலே அதன் செல்கள் இதைச் சுரக்கும். காசநோய்க் கிருமி அந்தச் சவ்வில் தினை தூவியதுபோல் முடிச்சுகளை உண்டாக்குகிறது. குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கட்டியாகத் தெரிகின்றன. நுரையீரல் எக்ஸ்ரேயோ பல நேரம் சுத்தமாக இருக்கும்.

எப்படிப் பிரித்தறிவது? வயிற்று நீரில் ஏடிஏ நொதி லிட்டருக்குச் சுமார் 39 யூனிட்டைத் தாண்டினால் காசநோய்ச் சந்தேகம் வலுக்கும். அந்த நீரில் கிருமிகள் மிகக் குறைவு. ஆகவே கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனை ‘இல்லை’ என்றாலும் காசநோயை ஒதுக்கிவிட முடியாது. லேப்ராஸ்கோப்பி வழியே சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதே உறுதியான வழி. அதைச் செய்யாமல் ஓர் இளம்பெண்ணின் கருப்பையையும் சூலகத்தையும் அகற்றுவது பெருங்கொடுமை. துணுக்கில் நடுவே திசு நைந்த கிரானுலோமா (அழற்சி முடிச்சு) தெரிந்தால் பெரும்பாலும் காசநோய்தான். துணுக்கின் ஒரு பகுதி கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் போக வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியென்றால், வழக்கமான 6 மாத மாத்திரையில் நீர் வற்றி, சிஏ-125 அளவும் இறங்கும்.