படிப்பை விட வேண்டாம்!

என் நாத்தனார் மகள், பல்கலைக்கழகம் ஒன்றில், பிஎச்.டி., மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், கைக்குழந்தைக்காரி. 'ராத்திரியில தூக்கமே வரலை அத்தை... படிப்பை விட்டுடப் போறேன்' என்று அழுதாள். 'புள்ள பெத்தவளுக்கு எதுக்கு டாக்டர் பட்டம்?' என, அவள் மாமியார் வேறு இடித்திருக்கிறார்.

தெரிந்த பேராசிரியை ஒருவரிடம் விசாரித்தேன். 2022ல் வந்த யு.ஜி.சி., விதிப்படி, ஆராய்ச்சி மாணவியருக்கு, மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்புக்காக, படிப்புக் காலத்தில், 240 நாட்கள் வரை விடுப்பு தரலாமாம். ஆய்வை முடிக்க, இரண்டு ஆண்டு கூடுதல் சலுகையும் உண்டாம். மூன்று வருஷமாக இதை ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை!

தூக்கமின்மைக்கு, 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேச வைத்தேன். 24 மணி நேரமும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசுகின்றனர். முதல் நாள், பேச்சை விட அழுகைதான் அதிகம். அதன்பின், பல்கலைக்கழக ஆலோசகரையும் பார்த்தாள். 'இதுக்கெல்லாம் போனா பைத்தியம்னு சொல்வாங்களே' என்று, என் நாத்தனார் பயந்தது தனிக்கதை!

இப்போது நன்றாகத் தூங்குகிறாள். விடுப்புக்கும் எழுதிக் கொடுத்து விட்டாள். உங்கள் வீட்டிலும் ஆராய்ச்சி படிக்கும் பெண் இருந்தால், வாய் வார்த்தையாகக் கேட்காமல், மனுவாகக் கொடுக்கச் சொல்லுங்கள். நகலில், அலுவலக முத்திரை வாங்கிக் கொள்வது நல்லது தோழியரே!

- வாசகி, மதுரை.