காந்தம் பகரும் சான்று

ஒரு பொருளைக் காணுதல் வேறு. அதன்மேல் இட்ட அடையாளத்தைக் காணுதல் வேறு. கண்ணுக்குப் புலனாகாத நுண்பொருளை அடையாளத்தாற் காண்டல் இக்கால மருத்துவ விஞ்ஞானத்தின் பெருவழிகளுள் ஒன்றாகும். குருதியில் மிகச் சிறிதளவே கலந்த ஒரு புரதம் கொடிய நோயொன்றின் முதற்குறியாதல் கூடும். அதுவோ சில நானோமீற்றர் அளவினது. எண்ணிறந்த பிற மூலக்கூறுகளின் நடுவே மறைந்து கிடப்பது. அதனைக் காலத்தாற் கண்டறிதல் உயிர்காக்கும் செயலன்றோ?

1950களின் பிற்பகுதியில் அமெரிக்க அறிஞர் றோசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் கதிர்வீசும் அயடீனை அடையாளமாக இட்டு, குருதியிலுள்ள இன்சுலினை அளந்தனர். யாலோ அம்மையார் 1977இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் கதிர்வீசும் பொருளைக் கையாளுதற்குக் காப்பு வேண்டும். நாட்செல்ல அதன் வீச்சும் குறையும். பின்னர் ஒளிரும் சாயங்களை அடையாளமாக இட்டனர். குருதி முதலிய பாய்பொருள்கள் தாமும் ஒளியை விழுங்குவன, சிறிது உமிழ்வன. ஆதலின் அடையாளத்தின் ஒளி எது, பின்னணியின் ஒளி எது என மயக்கம் நேரும்.

இனிக் காந்த அடையாளத்தை நோக்குவோம். நம் உடலிற் காந்தத்தன்மை இல்லையென்றே சொல்லத்தகும் அளவு சிறிது. “குருதியில் இரும்பு உண்டே?” என மாணாக்கர் வினவுவர், நல்ல வினாவே. ஒட்சிசனை ஏற்ற குருதிச் செம்பொருளைக் காந்தம் கவர்வதில்லை என்றும், ஒட்சிசன் நீங்கியவழிச் சிறிதே கவரும் என்றும் லைனஸ் போலிங், சாள்ஸ் கொரியெல் என்போர் 1936இல் நிறுவினர். எனவே, உடலின் பாய்பொருள் காந்தத்தைப் பொறுத்தவரை ஆரவாரமற்ற மன்றம் போன்றது. அம்மன்றத்தில் மெல்லப் பேசும் குரலும் தெளிவாகக் கேட்கும்.

செயன்முறை இதுவாகும். உணரியின் மேற்பரப்பிலே, தேடும் புரதத்தை மாத்திரம் பற்றவல்ல பிறபொருளெதிரிகளை நாட்டுவர். பரிசோதிக்கும் குருதியை அதன்மேல் விட்டதும் அப்புரதம் பற்றப்படும். அதன் மறுபுறத்தை இரண்டாவது பிறபொருளெதிரி பற்றும். அதனோடு இரும்பொட்சைட்டுத் துணுக்கையொன்று பிணையும். துணுக்கையின் சிறு காந்தப்புலத்தை அடியிலுள்ள உணரி அறியும். தூரம் இருமடங்காயின் அப்புலம் எட்டிலொன்றாகும். ஆகையாற் பற்றப்படாது தொலைவில் மிதப்பவை பெரும்பாலும் கணக்கில் வாரா.

இத்துணுக்கைகள் புறக் காந்தப்புலம் உள்ளவழியே காந்தமாகும். அது நீங்கின் அத்தன்மையும் நீங்கும். இதனைப் படித்தபோது, சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்தில் மெய்கண்டார் காட்டிய காந்தமும் இரும்பும் என்ற உவமை என் நினைவில் எழுந்தது. காந்தத்தின் முன்னிலையிலன்றோ இரும்பு தொழிற்படும்! ஆனால், அதுகொண்டு நம் முன்னோர் இக்கருவியையும் அறிந்திருந்தனர் என முழங்குதல் தகாது. மெய்கண்டார் உணர்த்தவந்தது உயிர் அருளால் அறியுமாற்றை. உவமை விளக்குதற்கு உரியது; கண்டுபிடிப்புக்கு உரிமை கோருதற்கு உரியதன்று.

உணரியின் வரலாறும் சுவையுடையது. மெல்லிய உலோகப் படைகளை அடுக்கியவழி, காந்தப்புலத்தால் அவற்றின் மின்தடை பெரிதும் மாறுதலை 1988இற் பிரான்சில் அல்பேர்ட் ஃபேர்ட்டும் யேர்மனியிற் பீற்றர் குறுன்பேர்க்கும் தனித்தனியே கண்டனர். 2007இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அத்தத்துவம் கணினியின் வன்தட்டைப் படித்தற்குப் பயன்பட்டது. 1998இல் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தார் அதனை உயிர்மூலக்கூறுகளை அறிதற்குப் பயன்படுத்தினர். உயிரியற் போர்க்கருவிகளைக் கண்டறிதல் அவர்தம் நோக்கங்களுள் ஒன்று. 2009இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார், இத்தகைய உணரி குருதிநீர், சிறுநீர், உமிழ்நீர் ஆகியவற்றில் வேறுபாடின்றி அளக்கும் எனக் காட்டினர். போர் குறித்து எழுந்த கருவி மருத்துவர் கைக்கு வருதல் மகிழத்தக்கதே.

எனினும், ஒன்றை மறத்தலாகாது. உணரி அறிவது துணுக்கையையே, புரதத்தையன்று. துணுக்கை தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டால், இல்லாத நோயை உண்டென்று கருவி சொல்லும். இதனை உணர்ந்த கடற்படைக்கூடத்தார், காந்த விசையால் துணுக்கைகளை மெல்ல இழுத்துப் பார்த்தனர். வாளா ஒட்டியவை பெயர்ந்து போயின. மெய்யாகப் பிணைந்தவை நிலைத்து நின்றன. அவற்றையே எண்ணினர்.

யான் விஞ்ஞானம் பயின்றவனல்லன், சொல்லைக் கற்பிப்பவன். சொல்லும் பொருளுக்கு இட்ட அடையாளமே. அது தன் பொருளோடு பிணைந்துளதா, வாளா ஒட்டிக்கொண்டுளதா என இழுத்துப் பார்த்தே ஏற்றல் வேண்டும் என்பதை மாணாக்கர்க்கு உணர்த்த, இதனினும் நல்ல உவமை வேறு யான் அறியேன்.